மகாராஜா நந்தகுமாரர்

வங்க தேசத்து மகாராஜா நந்தகுமாரரின் சரித்திரம் நம் சங்கத்துக் குடும்பத்தினர் அனைவரும் அறிதற்குரியது. பத்ரபூர் என்னும் ஊரில் அந்தணர் மரபிற் பிறந்த இவர், நவாபுகளின் ஆட்சியில் உயர்ந்த உத்தியோகங்களை வகித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் பர்துவான் முதலிய இடங்களின் வரி தண்டும் பொறுப்பை இவரிடம் ஒப்புவித்தனர்.

1775 மார்ச்சு மாதத்தில் இவர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் லஞ்சம் பெற்றனரென்று கவுன்சிலுக்கு எழுதிப் பிராது செய்தார். இரண்டு திங்கள் கழியுமுன், மே 6-ஆம் நாள், இவரே பொய்ப் பத்திரம் புனைந்தாரென்று சிறையிலிடப்பட்டார். புலாகி தாஸ் என்னும் காலஞ்சென்ற லேவாதேவிக்காரரின் பேரிலிருந்த கடன் பத்திரமே வழக்கிற்கு மூலமாம்.

விசாரித்த கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டு 1774-இல் ஏற்பட்டது. பத்திரமோ அதற்குப் பல்லாண்டு முந்தியது. பொய்ப் பத்திரத்திற்கு மரண தண்டனை என்பது இங்கிலாந்தின் சட்டமேயன்றி, இந்நாட்டு வழக்கமன்று. இவருடைய வக்கீல் பாரர், கோர்ட்டின் அதிகாரத்தை மறுத்து முதற்கண் மனுக் கொணர்ந்தார். பிரதம நீதிபதி இம்பே அதிற் குறை காட்டவே, அது வற்புறுத்தப்படாது விடப்பட்டது. மரண தண்டனையில்லாத பழைய சட்டப்படி விசாரிக்கலாமென்று நீதிபதி சேம்பர்ஸ் கருதினார், ஏனையோர் இசைந்திலர். ஜூன் மாதத்தில் ஜூரிகள் பன்னிருவரும் குற்றவாளியென்றனர். அப்பீலுக்கும் அனுமதி கிடைத்திலது. ஆகஸ்டு 5-ஆம் நாள், எழுபது வயதளவினராகிய அம்முதியவர் மனங்கலங்காது தூக்குமேடை ஏறினர்.

பின்னர் 1781-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோர்ட்டின் அதிகார எல்லையைச் சுருக்கிற்று. 1788-இல் இம்பேயின்மீது பார்லிமெண்டில் கொணரப்பட்ட குற்றச்சாட்டு நிறைவேறவில்லை.

நந்தகுமாரர் குற்றம் புரிந்தாரா என்பதில் அறிஞர் ஒருப்பட்டிலர். ஆயினும் குற்றம் உண்டோ என ஆராயுமுன், ஆராய்வோர்க்கு அதிகாரம் உண்டோ, எச்சட்டம் செல்லும் என்பன தீர்தல் வேண்டும். இறுதியில் எழுப்பும் ஆட்சேபம் வெள்ளம் போனபின் இட்ட அணையாகும். நம்மவருள் எவரேனும் வழக்கிற் சிக்க நேரின், நாணத்தால் மறைத்தும் அச்சத்தால் வாளாவிருந்தும் காலங் கழியாது, தக்க வக்கீலை நாடி இவ்வினாவைத் தொடக்கத்திலேயே எழுப்புக. பத்திரங்களிற் கையொப்பமிடுங்கால் படித்துணர்ந்தே இடுக. இவ்விரண்டையும் நம் இல்லந்தோறும் மூத்தோர் இளையோர்க்கு எடுத்துரைப்பாராக.