தைத்த கையைப் பிரித்துக்கொண்டே இருந்த டெய்லர்... `பலென்சியாகா' யாருன்னு தெரியுமா?

வீடியோ பார்த்து நீங்களே ஒரு டாப் தைக்கிறீங்க. பாடி கச்சிதமா வந்துடுச்சு. கழுத்தும் ஓகே. ஆனா, ஆசை ஆசையா வெட்டின அந்தப் பெரிய பஃப் கை மட்டும் சொதப்புது. ஒரு பக்கம் எழும்பி நிக்குது, இன்னொரு பக்கம் தொங்குது. பஸ்ல கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினா, டாப் மொத்தமும் கூடவே மேல ஏறுது. நமக்குத் தையல் வராதுன்னு முடிவு பண்ணி, அதை அலமாரியோட அடித்தட்டுல சுருட்டி வெச்சுடுறீங்க.

வெச்சதை எடுங்க. உங்களுக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். உலகமே மாஸ்டர்னு கொண்டாடின அந்த மனுஷன், வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினதும் இதே கையோடதான்.

அவர் பெயர் கிறிஸ்டோபல் பலென்சியாகா. ஆமாம், பருமனான ஸ்னீக்கரிலும் தொளதொள ஹூடியிலும் நீங்க பார்க்கிற அதே பெயர்தான். ஆனா, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹூடி தைத்தவர் இல்லை.

மீனவர் வீட்டுப் பையன்

1895, ஜனவரி 21. ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில், பாஸ்க் பகுதியில் இருக்கும் கெட்டாரியா என்ற மீனவ ஊரில் பிறந்தார் பலென்சியாகா. அப்பா ஹோசே, படகோட்டி. அம்மா மார்ட்டினா, ஊர்ப் பெண்களுக்குத் துணி தைத்துக்கொடுப்பவர். பையனுக்கு 11 வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார். அதன்பிறகு குடும்பத்தைத் தாங்கியது அம்மாவின் ஊசிதான். அந்த ஊசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்தான் பையன்.

கோடைக்காலத்தில் அந்த ஊருக்கு வரும் பிரபுக் குடும்பங்களில் காசா டோரெஸ் சீமாட்டியின் குடும்பமும் ஒன்று. மார்ட்டினா அவருக்குத் தைத்துக்கொடுப்பார். அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போன பையனுக்கு, பாரிஸிலிருந்து வந்த உயர்ந்த ரக உடைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. சீமாட்டியின் கவுன் ஒன்றைப் பார்த்து அதே மாதிரி தைக்க அவன் அனுமதி கேட்டதாகவும், அதில் அசந்துபோய் அவர் ஆதரவு கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 12 வயதில் சான் செபாஸ்டியன் நகரில் தையல் பழகச் சேர்ந்துவிட்டான் என்பது உண்மை.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் காலத்தில் பெரிய டிசைனர்களில் பலர் பேப்பரில் வரைவார்கள், தைப்பது வேறு ஆட்கள். பலென்சியாகா வரைந்தும் காட்டுவார், வெட்டுவார், ஊசியும் பிடிப்பார். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு உடையைத் தன் கையாலேயே முடிக்கத் தெரிந்தவர்.

போர் துரத்தியது, பாரிஸ் அழைத்தது

1917-ல் சான் செபாஸ்டியனில் முதல் கடை. அப்புறம் மாட்ரிட், பார்சிலோனா. ஸ்பெயினில் இருந்த அவரது கடைகளுக்குப் பின்னாளில் `எய்சா' என்று பெயர். அம்மாவின் குடும்பப் பெயரான எய்சாகிர்ரேயைச் சுருக்கி வைத்தது அது.

எல்லாம் நல்லா போய்ட்டிருந்தப்போ, 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்தது. இருபது வருஷ உழைப்பு அப்படியே நின்றுபோனது. நாட்டை விட்டு வெளியேறினார். 40 வயதைத் தாண்டிய நேரத்தில், வேற்று நாட்டில், முதலிலிருந்து ஆரம்பம். 1937-ல் பாரிஸின் ஜார்ஜ் ஐந்தாம் அவென்யூவில், 10-ம் எண் கட்டடத்தில் கடை திறந்தார். இரண்டே வருஷத்தில், பழைய ஸ்பானிஷ் ஓவியங்களில் வரும் இளவரசிகளை நினைவூட்டும் `இன்ஃபான்டா' உடையால் பாரிஸையே திரும்பிப் பார்க்கவைத்தார்.

1948-ல் இன்னொரு அடி. அவரது வாழ்க்கைத் துணையும், கடையின் தொப்பிகளை வடிவமைத்தவருமான வ்லாட்சியோ இறந்துபோனார். பலென்சியாகா நொறுங்கிப்போனார். ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கை மேல் என்ன அப்படி ஒரு வெறி?

தைத்து முடித்து, இஸ்திரி போட்டு மாட்டிய கோட்டாக இருந்தாலும், கை சரியாக உட்காரவில்லை என்றால் பிரித்துவிடுவார். மறுபடி ஊசி குத்தி, மறுபடி தைத்து, மறுபடி பிரிப்பார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு இது தினசரிக் காட்சி.

ஏன் கை? ஒரு உடையில் அதிகம் அசையும் பாகம் அதுதான். தட்டையான துணியை உருண்டையான தோளில் பொருத்தணும். பார்க்கவும் அழகா இருக்கணும், தூக்கவும் மடக்கவும் விடணும். இந்த இரண்டையும் ஒண்ணா கொண்டுவர்றதுதான் சவால்.

அதற்கு அவர் கண்ட வழிகள் ஏராளம். முலாம்பழம் மாதிரி உருண்ட கை. உடம்போடு சேர்த்தே வெட்டிய கிமோனோ கை. அதில் அசைவுக்காக அக்குளில் தனியாக ஒரு சின்னத் துண்டு. மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நின்று, வளையல் தெரிய விடும் முக்கால் கை. கழுத்தைவிட்டு லேசாக விலகி நிற்கும் காலர். எல்லாமே, பார்பி பொம்மை உடம்பு இல்லாத, வயிறும் வயதும் இருக்கும் நிஜப் பெண்களை அழகாகக் காட்டின.

இடுப்பை இறுக்குவதுதான் ஃபேஷன் என்றிருந்த 1950-களில், இடுப்பையே பிடிக்காத சாக்கு மாதிரியான உடையை 1957-ல் கொண்டுவந்தார். கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனா, இன்னிக்கு நீங்க போடுற லூஸ் ஃபிட் டிரஸ்ஸுக்கு அது ஒரு பாட்டி!

உங்க டாப்புக்கு வருவோம்

அவர் வேலையிலிருந்து நமக்குக் கிடைக்கிற பாடங்கள் இதோ...

* முதலில் துணி, பிறகுதான் டிசைன். துணி என்ன செய்யும்னு பார்த்துட்டுத்தான் அவர் வடிவத்தையே யோசிப்பார். நினைத்த வடிவம் நிற்கணும் என்பதற்காக, 1958-ல் சுவிஸ் துணி நிறுவனத்தோடு சேர்ந்து `கஸார்' என்ற விறைப்பான பட்டுத் துணியையே உருவாக்கவைத்தார். தொளதொள ரேயானில் பஃப் நிற்கலைன்னா அது உங்க தப்பில்லை. தோளின் உட்பக்கத்தில், சுருக்கத்துக்குக் கீழே, விறைப்பான நெட் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைங்க. கை எழும்பி நிற்கும்.

* அக்குள் வளைவை இறக்காதீங்க. டைட்டா இருக்குன்னு அதை ஆழமா வெட்டினா, கையைத் தூக்கும்போது டாப் இன்னும் அதிகமா இழுக்கும். அக்குளுக்குப் பக்கத்திலேயே வளைவு இருந்தால்தான் கை தனியா அசையும். ஏற்கெனவே இறக்கிட்டீங்களா? அக்குளில் ஒரு சின்ன சாய்சதுரத் துண்டு வெச்சுப் பாருங்க. மாஸ்டரின் கிமோனோ கையில் இருக்கும் அதே உத்தி.

* தோளைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. பஃப் கைக்குத் தோள் அகலம் வழக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவா இருக்கணும். இல்லைன்னா பஃப் தோளில் நிற்காமல் கையில் சரியும்.

* நேரா மெஷினுக்குப் போகாதீங்க. கையை முதலில் ஓட்டுத் தையலில் இணைச்சு, கண்ணாடி முன்னாடி போட்டுப் பாருங்க. சாய்வா மடிப்பு விழுந்தா, பிரிச்சு, கையை முன்னேயோ பின்னேயோ லேசா திருப்பி வைங்க. நம்ம கை இயல்பாகவே கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்துதான் தொங்கும்.

சத்தமில்லாமல் சாத்திய கதவு

பத்திரிகை, பேட்டி, புகழ்மாலை எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஷோ முடிந்ததும் மேடைக்கு வந்து தலைவணங்கும் வழக்கம்கூட இல்லை. அவரிடம் வேலை கற்ற கூரேஜும் உங்காரோவும் பின்னாளில் பெரிய டிசைனர்கள் ஆனார்கள். 1960-ல் பெல்ஜியம் ராணியான ஃபாபியோலாவின் கல்யாண கவுன் இவர் கைவண்ணம்தான். ஃபாபியோலா, அந்தக் காசா டோரெஸ் சீமாட்டியின் வழிவந்தவர்! அம்மா தைத்துக்கொடுத்த குடும்பத்துப் பெண்ணுக்கு, மகன் ராணி உடை தைத்தார்.

1968-ல் காலம் மாறியிருந்தது. அளவெடுத்துத் தைப்பதன் இடத்தை ரெடிமேட் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வழியில் போகாமல், புகழின் உச்சியில் இருக்கும்போதே கடையை மூடிவிட்டார். அவரோடு உழைத்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. பிடிவாதத்துக்கு ஒரு விலை இருக்கும்தானே... அதை அவர் மட்டும் கொடுக்கவில்லை.

1972, மார்ச்சில் ஜெனரல் ஃபிராங்கோவின் பேத்திக்குத் தைத்த கல்யாண உடைதான் அவரது கடைசி முக்கிய வேலை. திருமணம் முடிந்து இரண்டே வாரத்தில், மார்ச் 23 அன்று காலமானார். கெட்டாரியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2011-ல் அங்கே அவர் பெயரில் மியூசியம் திறந்தார்கள். பிராண்டை வேறு ஆட்கள் 1980-களில் மறுபடி தொடங்கினார்கள். இன்று நீங்க பார்க்கும் லோகோ அந்த வழியில் வந்தது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊசி பிடித்த ஒருத்தருக்கே ஒரு கை ஒரே தடவையில் திருப்தி தரவில்லை. அப்படியிருக்க, உங்க முதல் டாப்பின் கை கோணலா வந்ததுக்கு ஏன் இவ்ளோ வருத்தம்?

அலமாரி அடித்தட்டுல இருக்கிற அந்த டாப்பை எடுங்க. சின்ன கத்தரிக்கோலால் தையலைப் பொறுமையா பிரிங்க. பிரிக்கிறதும் தையல் வேலைதான் மக்களே!