மாற்றுக் கருத்தும் மாறாக் கேண்மையும்

1925ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் காஞ்சிபுரத்தில் தமிழ் மாகாணக் காங்கிரசு மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் திரு.வி.கலியாணசுந்தரனார். எல்லா வகுப்பாரும் ஆட்சியிலும் பணிகளிலும் உரிய இடம் பெறவேண்டும் என்னும் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை ஈ.வெ.ரா. பெரியார் கொண்டுவந்தார். தலைவர் அதற்கு இடந்தரவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் துறந்தார்.

அதற்கு முன்னர் இருவரும் ஓரணியில் நின்றவர்கள். 1917இல் தோன்றிய சென்னை மாகாணச் சங்கத்தில் இருவருமே பங்குகொண்டிருந்தனர். வைக்கம் போராட்டத்தில் சிறைசென்ற பெரியாரைத் தம் 'நவசக்தி' இதழில் போற்றியவர் திரு.வி.க.; வைக்கம் வீரர் என்னும் பெயரே அவர் சூட்டியது என்பர். அத்தகைய நண்பரின் கோரிக்கையை அவர் அவைமுன் வரவிடாதது முறையா? மாநாட்டு விதி அவருக்குத் துணைநின்றிருக்கலாம். ஆயினும், ஏற்பதும் மறுப்பதும் அவையின் பொறுப்பென்று விட்டிருக்கலாமே என்றே இன்று படிப்போர்க்குத் தோன்றும்.

திரு.வி.க. 1883ஆம் ஆண்டு சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் யாழ்ப்பாணம் நா.கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்றார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்னும் பூசல் அந்நாளில் நீதிமன்றம் வரை சென்றது. கதிரைவேற்பிள்ளை வள்ளலாரை மறுத்த அணியினர். ஆசிரியர் பொருட்டுச் சான்று கூறச் சென்ற மாணவர் தேர்வெழுதும் வாய்ப்பை இழந்தார். பள்ளிக் கல்வி அத்துடன் நின்றது. படிப்பையே விலையாகக் கொடுத்த பற்று எளிதில் தளர்வதன்று. எனினும், வள்ளலார் நூல்களைத் தாமே ஆழ்ந்து கற்றபின் திரு.வி.க. தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலும் எழுதினார். ஆசிரியர்மீது கொண்ட அன்போ குறையவில்லை.

அந்நாளில் அரசியல் மேடைகளில் ஆங்கிலமே கோலோச்சியது. ஆங்கிலம் அறியாதவர் உடன்படவும் வழியில்லை, மாறுபடவும் வழியில்லை. 1917இல் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரான திரு.வி.க., ஆட்சியையும் உரிமையையும் பற்றி இனிய தமிழில் எழுதினார். மேடைதோறும் தமிழிலேயே முழங்கினார். கடைத்தெருவிலும் ஆலை வாயிலிலும் அரசியல் பேசப்படலாயிற்று. 1918இல் பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது துணைத்தலைவராகப் பொறுப்பேற்று உழைத்தார்.

காந்தியடிகளின் அறநெறியும் மார்க்சின் பொருளியலும் இணைதல் வேண்டும் என்பது அவர் கொள்கையாக முதிர்ந்தது. இக்கொள்கை காந்தியத்தில் ஊன்றியவர்க்கும் முழு நிறைவு தந்திராது. பொதுவுடைமையில் ஊன்றியவர்க்கும் தந்திராது. அவர் இரண்டையும் விடவில்லை.

காஞ்சி மாநாட்டுக்குப் பின் பெரியார் தன்மதிப்பு இயக்கத்தை வளர்த்தார். கடவுள் மறுப்பே அவர் நெறியாயிற்று. திரு.வி.க.வோ நெற்றியில் நீறு துலங்க, முருகன் அல்லது அழகு என்று நூலெழுதியவர். இதழ்களிலும் மேடைகளிலும் அவர்தம் கருத்துகள் மோதின. நட்பு மட்டும் அறுந்துபோகவில்லை. ஈரோட்டில் பெரியாரின் விருந்தினராகத் தங்கியிருந்த திரு.வி.க. காவிரியில் நீராடிக் கரையேறியபோது, பெரியாரே திருநீற்றை ஏந்தி நின்றார் என்று ஒரு நிகழ்ச்சி வழங்குகிறது. திருநீற்றில் பெரியாருக்கு நம்பிக்கை பிறந்துவிடவில்லை; அது விருந்தினருக்கு வேண்டிய பொருள் என்பதை அவர் அறிந்திருந்தார், அவ்வளவே.

1948இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் குரலெழுந்தபோது, மறைமலையடிகள், பெரியார், அண்ணா ஆகியோருடன் திரு.வி.க.வும் நின்றார். காஞ்சியில் பிரிந்தவர்கள் இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரே நோக்கத்துக்காகக் கைகோத்தனர். பழைய கருத்து வேறுபாடுகளை இருவருமே கைவிட்டிருக்கவில்லை.

முதுமையில் திரு.வி.க.வின் கண்ணொளி மங்கியது. எழுத இயலாத நிலையிலும் சொல்லிச் சொல்லிப் பிறரை எழுதச்செய்து நூல்கள் ஆக்கினார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று பெரியாருக்குப் பிறந்தநாள். எழுபத்துநான்கு அகவை நிறைந்திருந்தது.