மேக்ஸ் மேத்யூஸும் 6 ஹெர்ட்ஸும்

சிந்தசைசர் ஆப் எதையாவது திறந்தா எல்.எஃப்.ஓ.னு ஒரு திருகு இருக்கும், பார்த்திருப்பீங்க. லேசா திருப்பினா, விறைப்பா நிற்கிற சுருதி மெல்ல அசைய ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் இசைக்குள் அதற்கு வழி போட்டவர் ஒரு டெலிபோன் ஆராய்ச்சியாளர்.

மேக்ஸ் மேத்யூஸ் 1926-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். கால்டெக், எம்.ஐ.டி. இரண்டிலும் எலெக்ட்ரிகல் படிப்பு (ஈ.இ.இ. மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்). வயலினும் வாசிப்பார். 1955-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே பேச்சை எண்களாக்கி, எண்களை மறுபடி ஒலியாக்கும் கருவிகள் இருந்தன. பேச்சு வரும்னா பாட்டும் வரணும்ல? மேலதிகாரி ஜான் பியர்ஸ் தட்டிக்கொடுக்க, 1957-ல் 'மியூசிக் ஒன்' நிரலை எழுதினார். ஐ.பி.எம். 704 இருந்தது நியூயார்க்கில். கணக்கு முடிந்ததும் டேப்பைத் தூக்கிக்கிட்டு நியூஜெர்சி திரும்பினால்தான் பாட்டு கேட்கும். முதல் பாட்டு 17 விநாடி. உண்மையைச் சொல்லணும்னா, கேட்க சகிக்காது.

காரணம் இருக்கு. வயலின்காரர் விரல் நரம்பு மேல நொடிக்கு 5, 6 தடவை ஆடும். பாடகர் குரலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் சுருதியோ இம்மி அசையாது. காதுக்கு அது உயிரில்லாத ஒலி.

1960-ல் வந்த 'மியூசிக் த்ரீ'யில், ஒலி உருவாக்கும் வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தார். ஒரு துண்டின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீட்டில் கொடுக்கலாம். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணோட, 6 ஹெர்ட்ஸில் ஆடும் இன்னொரு ஆஸிலேட்டரின் வெளியீட்டைக் கூட்டுங்க. அதோட வீச்சு 4 என்றால், சுருதி 436-க்கும் 444-க்கும் நடுவில் நொடிக்கு 6 முறை போய் வரும். அந்த 6 ஹெர்ட்ஸ் உங்க காதுக்குக் கேட்கவே கேட்காது. அது பண்ற வேலை மட்டும்தான் கேட்கும்.

மேத்யூஸ் நிரலைப் பூட்டி வைக்கலை. 1964-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஜான் சவ்னிங் நேரில் வந்து கேட்க, துளை அட்டைகளாகவே கொடுத்தனுப்பினார். 1967-ல் சவ்னிங் அந்த அசைவின் வேகத்தையும் வீச்சையும் கூட்டிக்கிட்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல அசைவே கேட்கலை. புதுசா ஒரு ஒலிநயம் கேட்டது. அதுதான் எஃப்.எம். சிந்தசிஸ். 1983-ல் யமஹா டி.எக்ஸ்.7 கீபோர்டாகக் கடைக்கு வந்தது.

மேத்யூஸ் 2011-ல், 84 வயதில் காலமானார். 'மேக்ஸ்'னு ஒரு இசை மென்பொருள் இருக்கே, அது அவர் பேர்தான். அதுல இன்னிக்கும் ஒரு ஆஸிலேட்டரை இன்னொண்ணோட கோடு இழுத்து இணைக்கலாம்.