இருப்புப்பாதை அமைத்த கோமகன்

ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நிலப்பகுதி சதர்லாந்து ஆகும். அந்நிலத்தின் பெரும்பகுதி ஒரே குடும்பத்துக்கு உரியதாய் இருந்தது. அக்குடும்பத்தில் 1828ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். 1861இல் தந்தை மறைந்தபின் அவர் மூன்றாம் சதர்லாந்துக் கோமகன் ஆனார். பத்து லட்சம் ஏக்கருக்கும் மிகுதியான நிலம் அவர் கைக்கு வந்தது.

நிலத்தோடு ஒரு பழியும் வந்து சேர்ந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அவருடைய பாட்டியார் எலிசபெத்தும் பாட்டனாரும் ஆட்டுப் பண்ணைகளை அமைக்க விரும்பினர். அதற்காகப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆயிரக்கணக்கான உழவர்கள் வெளியேற்றப்பட்டனர். சில ஊர்களில் வீடுகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. ஏர் பிடித்த கைகள் கடற்கரையில் வலை பிடிக்கக் கற்க வேண்டியதாயிற்று. கில்டோனன் பள்ளத்தாக்கு மக்களுள் ஒரு பிரிவினர் 1813இல் கப்பலேறிக் கனடா நாட்டுக்குச் சென்றனர்.

ஜார்ஜ் இளமை முதலே பொறிகளில் பெருவிருப்பம் கொண்டவர். தம் ஊர்த் தன்னார்வப் படைப்பிரிவின் கௌரவக் கர்னலாகவும் விளங்கினார். எனினும் படைக்கலங்களைவிட நீராவி எஞ்சின்களே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. எஞ்சின் ஓட்டவும் அவர் கற்றுக்கொண்டார்.

1868இல் இருப்புப்பாதை கோல்ஸ்பி என்னும் ஊர்வரை வந்தது. அதற்குமேல் செல்ல நிறுவனத்திடம் பணம் இல்லை. கோமகன் தம் சொந்தச் செலவில் ஹெம்ஸ்டேல்வரை 17 மைல் பாதை அமைக்க முன்வந்தார். 1870ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அதன் பெரும்பகுதி திறக்கப்பட்டது. கோல்ஸ்பியோடு இணைக்கும் பகுதி அப்போது முடியவில்லை. ஆகவே எஞ்சினையும் பெட்டிகளையும் சாலைவழியே இழுத்து வந்தனர்! 1871ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாதை முழுமை பெற்றது. 'டன்ராபின்' என்னும் தம் எஞ்சினைக் கோமகனே பலமுறை ஓட்டி மகிழ்ந்தார்.

ஹெம்ஸ்டேலுக்கு வடக்கே கடலோர மலைகள் செங்குத்தாக நின்றன. ஆகவே அடுத்த பாதை உள்நாட்டுப் பக்கம் திரும்பியது. அது சென்ற வழி எது தெரியுமா? மக்கள் வெளியேற்றப்பட்ட அதே கில்டோனன் பள்ளத்தாக்குதான். அப்பாதைக்கும் கோமகன் பெரும்பொருள் அளித்தார். 1874இல் அது விக், தர்சோ ஆகிய வடகோடி ஊர்களை எட்டியது. தொடர்வண்டி வந்துவிட்டது, ஏறி இறங்க வேண்டிய மக்களோ அப்பள்ளத்தாக்கில் இல்லை.

கோமகன் முயற்சியைக் கைவிடவில்லை. லெயர்க் என்னும் ஊரின் அருகே நீராவிக் கலப்பைகளைக் கொண்டு தரிசு நிலத்தைத் திருத்த முனைந்தார். பாறைகளும் கடுங்குளிரும் அம்முயற்சியை வென்றன. செலவு மிகுந்தது, விளைச்சல் குறைந்தது. 1875-76இல் வேல்ஸ் இளவரசரின் குழுவில் ஒருவராக இந்தியாவுக்கும் அவர் வந்து சென்றார்.

இருப்புப்பாதையால் மக்கள் பயன் அடைந்தனர். ஆயினும் அவர்கள் வேண்டியது தம் நிலத்தில் அச்சமின்றி வாழும் உரிமையே. எந்தக் கோமகனும் அதைப் பரிசாகத் தரவில்லை. மக்கள் போராடினர், 1886இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் சிறு குத்தகை உழவர்களை நினைத்தபடி வெளியேற்ற இயலாத நிலை உருவாயிற்று.

1892ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் டன்ராபின் கோட்டையில் கோமகன் காலமானார். அவர் அமைத்த பாதையில் இன்றும் தொடர்வண்டி ஓடுகிறது. கில்டோனன் பள்ளத்தாக்கில், பழைய வீடுகளின் கற்குவியல்களும் இன்றும் உள்ளன. இரண்டையும் சேர்த்துக் காண்பவரே அந்நிலத்தின் வரலாற்றை அறிந்தவர் ஆவார்.

சொற்பொருள்
இருப்புப்பாதை – இரயில் பாதை
தரிசு – பயிரிடப்படாத நிலம்
குத்தகை – பணமோ விளைச்சலில் பங்கோ கொடுத்துப் பிறர் நிலத்தைப் பயன்படுத்துதல்

வினாக்கள்
1. உழவர்கள் ஏன் வெளியேற்றப்பட்டனர்?
2. ஹெம்ஸ்டேலுக்கு வடக்கே பாதை உள்நாட்டுப் பக்கம் திரும்பியது ஏன்?
3. உங்கள் குடும்பம் சொந்த ஊரை விட்டு வந்த கதையை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.