நரம்பின் நுனியைக் கண்ட ஓவியர்

ஸ்பெயினின் பெட்டில்லா என்ற மலைக்கிராமத்தில் 1852 மே 1ஆம் திகதி பிறந்த சந்தியாகோ ரமோன் இ கஹால், சிறுவயதில் ஆசிரியர்களுக்குப் பெரும் தலையிடி. தானே செய்த பீரங்கியால் அயல்வீட்டுக் கேற்றை உடைத்து, 11 வயதிலேயே சில நாட்கள் சிறையில் இருந்தவர். ஓவியராக வேண்டும் என்பதே அவர் ஆசை. வைத்தியரான தகப்பன் சம்மதிக்கவில்லை. மகனை முடி திருத்துபவரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலை பழகவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. 1868இல் பழைய இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூற்றியல் சொல்லிக்கொடுத்தார். எலும்பை வரையத் தொடங்கிய பெடியன் அப்படியே மருத்துவத்துக்குள் வந்துவிட்டான். கெட்டிக்காரத் தகப்பன்தான்!

இராணுவ வைத்தியராகக் கியூபாவுக்குப் போன கஹால், 1875இல் மலேரியாவோடு திரும்பினார். சேமித்த சம்பளத்தில் ஒரு நுணுக்குக்காட்டி வாங்கினார்.

மூளை முழுவதும் ஒரே தொடர்ச்சியான வலை என்றே அக்காலத்தில் பலர் நம்பினார்கள். இத்தாலியரான கொல்ஜி, நரம்புக்கலங்களில் சிலவற்றை மட்டும் கறுப்பாக்கிக் காட்டும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். கஹால் அதைத் திருத்தி, வளர்ந்த மூளைக்குப் பதிலாகக் கோழிக்கருக்களில் பயன்படுத்தினார். அடர்ந்த காட்டில் மரங்களைத் தனித்தனியே பார்ப்பது கடினம், கன்றுகளாக இருக்கும்போது பார்க்கலாம். ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனி என்று தெரிந்தது. 1888இல் சொந்தச் செலவில் சஞ்சிகை அச்சடித்தார். அதைக் கவனித்தவர் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு பெர்லின் சென்று, கண்ணாடித் தகடுகளை நேரிலேயே காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது.

1890இல் அவர் கண்டதுதான் என் பார்வையில் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. வளரும் நரம்பிழையின் நுனி கூம்புபோல விரிந்திருந்தது. அவர் பார்த்தது சாயமேற்றிய, உயிரற்ற இழையத்தைத்தான். ஆனாலும் அந்தக் கூம்பு தடைகளைத் தள்ளிக்கொண்டு வழிதேடி நகர்கிறது என்று உறுதியாகச் சொன்னார். இரசாயனப் பொருட்களே அதை ஈர்க்கின்றன என்று 1892இல் எழுதினார். நரம்பு உயிரோடு வளர்வதை அமெரிக்கரான ஹரிசன் தவளைக்கருவில் கண்டது 1907இல்தான். அதற்கு முந்திய ஆண்டு கஹாலுக்கும் கொல்ஜிக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மேடையில் கொல்ஜி, கஹாலின் கொள்கை பிழை என்றே பேசினார்.

கூம்புக்கு வழிகாட்டுவது எது? 1970களில் நியூயோர்க்கில் எடல்மனின் குழு, நரம்புக்கலங்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஒரு கல ஒட்டு மூலக்கூறைப் பிரித்தெடுத்தது. வெறும் பசைபோலத் தோன்றிய இந்த வகை மூலக்கூறுகள் செய்தியும் அனுப்புகின்றன என்று 1990களில் லண்டனில் டொஹர்டியும் வால்ஷும் காட்டினார்கள். கூம்பின் மேற்பரப்பிலுள்ள ஒட்டு மூலக்கூறு, அயல்கலத்திலுள்ள சோடியைத் தொட்டதும், பக்கத்திலிருக்கும் வளர்ச்சிக் காரணி வாங்கி ஒன்று விழிக்கிறது. வழமையாக அந்த வாங்கியைத் தட்டி எழுப்புவது வளர்ச்சிக் காரணிதான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், அவ்வளவுதான். கல்சியம் உள்ளே வருகிறது, இழை நீள்கிறது. வாங்கியைத் தடுத்தால், பிடித்துக்கொள்ள அயல்கலம் இருந்தும் அந்தத் தூண்டல் பலிப்பதில்லை.

இது ஆய்வுகூடத்து விஷயம் மட்டுமல்ல. எல்-1 என்ற ஒட்டு மூலக்கூறின் மரபணு பழுதானால், பெரும்பாலும் ஆண் குழந்தைகள், மூளையில் நீர் தேங்கி, பெருவிரல் உள்ளே மடங்கிப் பிறக்கிறார்கள்.

கஹாலின் கடைசிப் பெரிய வேலையும் நோயாளிகளைப் பற்றியதுதான். கை கால்களில் அறுந்த நரம்பு திரும்ப வளர்கிறது. மூளையிலும் முண்ணாணிலும் அறுந்தது துளிர்விட்டு, பாதியில் நின்றுவிடுகிறது. அவரது சீடர் தெயோ, முயலின் கால்நரம்புத் துண்டொன்றை மூளைக்குள் வைத்தபோது இழைகள் அதற்குள் வளர்ந்தன. குறை நரம்பில் மட்டுமல்ல, சூழலிலும் இருக்கிறது என்று கஹால் புரிந்துகொண்டார். 1913, 1914இல் வெளிவந்த இரண்டு பாகங்களில் இதையெல்லாம் படங்களோடு எழுதிவைத்தார். 1934 அக்டோபர் 17ஆம் திகதி மட்ரிட்டில் காலமானார். தகப்பன் வேண்டாம் என்று தடுத்த அந்தக் கையின் ஓவியங்களை நரம்பியல் பாடப்புத்தகங்கள் இன்றும் அச்சிடுகின்றன.