மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன்

நுழையும்முன்

மருத்துவப் பாடங்களைக் கற்று முடித்தவர் உடனே மருத்துவர் ஆகிவிடுவதில்லை. உடற்கூறியல் முதல் மகப்பேறு வரை தாம் கற்றவற்றைத் தேர்வாளர் முன்னிலையில் மெய்ப்பித்து, உரிமம் பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னரே அவர் மருத்துவம் பார்க்கலாம். அத்தகைய தேர்வு ஒன்றுக்கு வகுப்பறையே இல்லாமல் ஆயத்தமான ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

எலிசபெத் காரெட், 1836ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதியில் பிறந்தார். தந்தை நியூசன் காரெட் அப்போது அடகுக்கடை நடத்தி வந்தார். பின்னர்க் குடும்பம் சஃபோக் மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஆல்ட்பரோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தானியமும் நிலக்கரியும் விற்று அவர் பெருஞ்செல்வரானார். தம் பெண்மக்களும் கல்வி பெற வேண்டும் என்று விரும்பியவர் அவர். ஆயினும் எலிசபெத் இரண்டாண்டுகள் பயின்ற உறைவிடப் பள்ளியில் அறிவியலுக்கும் கணக்கிற்கும் இடமில்லை. அக்குறையைப் பின்னாளில் அவர் தனியே உழைத்து ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.

1859ஆம் ஆண்டு இலண்டனில் எலிசபெத் பிளாக்வெல் நிகழ்த்திய சொற்பொழிவுகளை அவர் கேட்டார். பிளாக்வெல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலும் அவ்வாண்டுதான் அவர் பெயர் ஏறியிருந்தது. அவர் வழியே தாமும் செல்லலாம் என்று காரெட் எண்ணினார். அவ்வழியோ அதற்குள் அடைபட்டிருந்தது. 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம், அயல்நாட்டுப் பட்டம் பெற்றோருள் அவ்வாண்டு அக்டோபருக்கு முன்பே பிரிட்டனில் தொழில் செய்தவரை மட்டுமே பதிவேட்டில் ஏற்றது. இனி வருவோர் பிரிட்டனிலேயே ஏதேனும் ஓர் அமைப்பின் தேர்வில் தேறியாக வேண்டும். தேர்வு நடத்தும் அமைப்புகளுள் ஒன்றுகூடப் பெண்களை ஏற்றதில்லை.

மகளின் விருப்பத்தைக் கேட்டதும் தந்தை அருவருப்புக் கொண்டார். தாயோ குடும்பத்திற்கு இழுக்கு வந்ததாகக் கலங்கினார். சில மாதங்களில் தந்தையின் மனம் மாறியது. அதன்பின் அவர் மகளுக்கு உற்ற துணையாக நின்றார். செலவுக்குப் பணம் தந்ததோடு, வழக்காடவும் ஆயத்தமாக இருந்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1860ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் காரெட் செவிலியாகச் சேர்ந்தார். அது அவருக்கு ஒரு வாயில், அவ்வளவே. நோயாளிகளின் படுக்கையருகே நின்று நோயின் போக்கைக் கவனித்தார். மருத்துவமனையின் மருந்தாளரிடம் தனியே பாடம் கேட்டார். உடற்கூறியலும் உடலியங்கியலும் மாலை வேளைகளில் பயின்றார். மெல்ல மெல்ல வேதியியல் விரிவுரைகளிலும், பிணத்தை அறுத்துக் கற்கும் கூடத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. ஆண் மாணவர் தொடக்கத்தில் இதைப் பெரிதாகக் கருதவில்லை.

1861ஆம் ஆண்டு கோடையில் நிலைமை மாறியது. வகுப்பில் மருத்துவர் ஒருவர் ஒரு வினாவைக் கேட்டார். மாணவர் எவருக்கும் விடை தெரியவில்லை. காரெட் மட்டும் சரியாக விடையளித்தார். சில நாள்களில், பெண்ணொருத்தி தம்முடன் அமர்ந்து கற்பது தகாது என்று மாணவர் பலர் கையொப்பமிட்ட விண்ணப்பம் நிருவாகத்தை அடைந்தது. அறியாமல் இருந்திருந்தால் அவரை விட்டுவைத்திருப்பார்கள். அறிந்திருந்ததுதான் அவர் செய்த குற்றம். வேதியியலிலும் மருந்துப்பொருளியலிலும் பெற்ற சான்றிதழ்களோடு அவர் வெளியேறினார்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ, கிளாஸ்கோ என அவர் தட்டிய கதவுகள் பல. ஒன்றும் திறக்கவில்லை. 1862இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்தில் அவர் பொருட்டு வாக்கெடுப்பு நடந்தது. இரு தரப்பும் சமமாக நின்றபோது வேந்தர் தம் முடிவு வாக்கை எதிராக அளித்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வகுப்பு அனுமதிச்சீட்டே அவர் கைக்கு வந்துவிட்டது. பின்னர்ப் பல்கலைக்கழகம் அது செல்லாது என்று அறிவித்தது.

எஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம்: இலண்டன் அப்போதிக்கரிகள் கழகம். நம் ஊர்ப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கில மருத்துவரின் உதவியாளரை அப்போதிக்கரி என்று முதியோர் அழைத்ததுண்டு. சொல் அங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் அவர்கள் மருந்து கலந்து கொடுப்பதோடு நோய்க்கு மருத்துவமும் பார்த்தனர். 1815ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் ஓர் அப்போதிக்கரியிடம் பயிற்சி பெற்று, ஏற்பு பெற்ற ஆசிரியரிடம் பாடங்களைக் கேட்டு, கழகத்தின் தேர்வில் தேறுவோருக்கு உரிமம் வழங்கப்படும். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816இல் தேறியதும் இத்தேர்வில்தான். கல்லூரிப் பட்டத்திற்குரிய மதிப்பு இவ்வுரிமத்திற்கு இல்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏற இது போதும். கழகத்தின் பட்டயமோ விண்ணப்பிப்போரை ஆடவர் என்று குறிப்பிடாமல், ஆட்கள் என்று பொதுவாகக் குறித்திருந்தது. வழக்கறிஞரைக் கலந்த கழகம், விதிகளை நிறைவு செய்தால் இப்பெண்ணை மறுக்க இயலாது என்று விடையிறுத்தது. இப்படியொருவர் எல்லா விதிகளையும் நிறைவு செய்து வந்து நிற்பார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் வந்து நிற்பதற்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. ஆண் மாணவர் ஒரே கட்டடத்தில், ஒரே கால அட்டவணையில் பெற்ற கல்வியை அவர் ஊர் ஊராகச் சென்று துண்டு துண்டாகச் சேர்த்தார். செயின்ட் ஆண்ட்ரூஸில் பேராசிரியர் ஜார்ஜ் டே தம் இல்லத்துப் பாடமாகக் கற்பித்தார். எடின்பரோவில் மருத்துவர் கெய்லரிடம் மகப்பேறு மருத்துவம் பயின்றார். இலண்டன் மருத்துவமனையில் மீண்டும் செவிலியாகச் சேர்ந்து நோயாளிகளிடையே பழகினார். ஒவ்வொரு பாடத்திற்கும் ஏற்பு பெற்ற ஆசிரியரைத் தேடிப்பிடித்துத் தனிக்கட்டணம் செலுத்தினார். வகுப்பில் நூறு பேர் பகிர்ந்துகொள்ளும் செலவை ஒருவரே ஏற்பதை எண்ணிப் பாருங்கள்.

கற்க வேண்டியதும் சிறிதன்று. வேதியியல், தாவரவியல், மருந்துப்பொருளியல், உடற்கூறியல், உடலியங்கியல், பொது மருத்துவம், மகப்பேறு ஆகிய அனைத்தும் நாவின் நுனியில் இருக்க வேண்டும். எலும்பு, நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றின் பெயர்களோடு, மருந்துகளின் இலத்தீன் பெயர்களையும் அறிய வேண்டும். அபினி, பாதரசம் போன்றவற்றின் அளவு பிழைத்தால் மருந்தே நஞ்சாகும். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அன்று நிலைபெற்ற அறிவாகவில்லை. அறுவைக்கூடத்தில் கிருமிநீக்கம் பற்றி லிஸ்டர் எழுதியதே 1867இல்தான். உடன் அமர்ந்து வினாக் கேட்கவோ, மறந்ததை எடுத்துக் கொடுக்கவோ அவருக்கு வகுப்புத் தோழர் இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள்களில் தோழர்கள் கூடிப் படிப்பதன் அருமையை அறிந்தவர்களுக்கு இத்தனிமையின் கடுமை விளங்கும்.

1865இல் அவர் தேர்வுக்கு வந்தபோது கழகம் தயங்கியது. தந்தை நியூசன் காரெட் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தார், கழகம் பணிந்தது. செப்டம்பர் 28ஆம் நாள் தேர்வு நடந்தது. அன்று அமர்ந்தோர் எழுவர், தேறியோர் மூவர். மூவருள் மிகுந்த மதிப்பெண் காரெட்டினுடையது. மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது.

கழகம் உடனே தன் விதியைத் திருத்தியது. தனியாரிடம் கற்றோருக்கு இனித் தேர்வில் இடமில்லை. கல்லூரிகள் பெண்களைச் சேர்ப்பதில்லை. கல்லூரிக்கு வெளியே கற்றோரைக் கழகம் ஏற்பதில்லை. அடுத்த பெண் எப்படி வருவாள்?

1866இல் இலண்டன் சீமோர் பிளேசில் மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான மருந்தகம் ஒன்றை அவர் தொடங்கினார். அவ்வாண்டு நகரில் வாந்திபேதி பரவியது. மருத்துவர் ஆணா பெண்ணா என்று பார்க்கும் நிலையில் ஏழை மக்கள் இல்லை. முதலாண்டில் மட்டும் 3,000 புதிய நோயாளிகள் வந்தனர். பட்டமும் வேண்டும் என்று கருதிய அவர், பிரெஞ்சு மொழியில் தேர்வெழுதி, ஒற்றைத் தலைவலி பற்றி ஆய்வுரை அளித்து, 1870இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரிட்டனின் பதிவேடு அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டு கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்கெல்டன் ஆண்டர்சனை மணந்தார். திருமணத்திற்குப் பின்னும் தொழிலை விடவில்லை.

1873இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரானார். 1878இல் அச்சங்கம் பெண்களை இனிச் சேர்ப்பதில்லை என முடிவு செய்தது. எனவே 19 ஆண்டுகள் அங்கே அவர் ஒருவரே பெண் உறுப்பினர். அவர் நுழைந்த கதவு அவருக்குப் பின்னே மூடப்பட்டது இது இரண்டாம் முறை.

பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி வேண்டும் என்று சோபியா ஜெக்ஸ்-பிளேக் சொன்னபோது ஆண்டர்சன் முதலில் உடன்படவில்லை. காலம் கனியவில்லை, பாரிஸ் சென்று கற்கட்டும் என்பதே அவர் கருத்து. அது பிழையான கணிப்பு என்றே சொல்ல வேண்டும். எத்தனை பெண்களுக்கு நியூசன் காரெட்டைப் போன்ற தந்தை வாய்ப்பார்? எனினும் 1874இல் 14 மாணவியரோடு பள்ளி தொடங்கப்பட்டபோது அவரும் அதில் இணைந்தார். 1876இல் இயற்றப்பட்ட சட்டம், தேர்வு நடத்தும் அமைப்புகள் விரும்பினால் பெண்களுக்கும் உரிமம் தரலாம் என்றது. அயர்லாந்தின் மருத்துவர் கல்லூரி முதலில் முன்வந்தது. 1883 முதல் 1903 வரை இருபது ஆண்டுகள் ஆண்டர்சன் அப்பள்ளியின் முதல்வராக விளங்கினார்.

அப்பள்ளிக்குச் சென்னையிலிருந்தும் ஒரு மாணவி சென்றார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் சேர்த்துக்கொண்ட பெண்களுள் ஒருவராகிய மேரி ஷார்லீப் அவர். இங்கே உரிமத் தேர்வில் தேறிய பின் இலண்டனில் பயின்று, 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். இருபதாண்டுகளுக்கு முன் ஒரே வாக்கில் ஆண்டர்சனுக்குக் கதவடைத்த அதே பல்கலைக்கழகம்தான் அது. சென்னை திரும்பிய ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் உருவானதே, திருவல்லிக்கேணி மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் மகளிர் மருத்துவமனை.

ஓய்வுக்குப் பின் ஆண்டர்சன் ஆல்ட்பரோவில் வாழ்ந்தார். 1908இல் அவ்வூர் மேயரானார். இங்கிலாந்தில் அப்பதவியேற்ற முதல் பெண்மணி அவரே. 1917ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அவர் காலமானார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், அவர் மகள் லூயிசா, இலண்டன் எண்டெல் தெருவில் முற்றிலும் பெண்களால் நடத்தப்பட்ட படைத்துறை மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகப் பணியாற்றிவந்தார்.