ஆறாம் மாடி மாணவி

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் ஒவ்வொருவர் முன்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. எதைப் படிப்பது? எங்கே படிப்பது? அதற்கு வழி என்ன? இவற்றுக்கு விடை காண எட்டு ஆண்டுகள் காத்திருந்த பெண் ஒருவர் உண்டு. இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்ற மேரி கியூரியின் பெயரை அறியாதார் இலர். அவருடைய ஆய்வுக்கூட வாழ்வைப் பலரும் படித்திருப்பர். அதற்கு முற்பட்ட மாணவப் பருவத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூடிய கதவுகள்

மரியா ஸ்கொடோவ்ஸ்கா என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். ஐந்து குழந்தைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தை கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். மரியாவுக்குப் பத்து வயதானபோது காசநோயால் தாய் இறந்தார்.

அந்நாளில் வார்சா உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பள்ளிகளில் உருசிய மொழியே பயிற்றுமொழி. தாய்மொழியான போலிய மொழியில் பாடம் நடத்துவது குற்றமாகக் கருதப்பட்டது. பள்ளிகளில் ஆய்வுக்கூடப் பயிற்சியும் ஒடுக்கப்பட்டது. பயனற்றுப்போன இயற்பியல் கருவிகளைத் தந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த சிறுமிக்கு அவற்றைத் தொட்டுச் சோதனை செய்யும் வாய்ப்புக் கிட்டவில்லை.

1883ஆம் ஆண்டு சூன் திங்களில், பதினைந்தாம் வயதில், மரியா பள்ளிக் கல்வியைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். ஆயினும் மேற்கொண்டு செல்ல வழியில்லை. வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அயல்நாட்டுக்கு அனுப்பத் தந்தையிடம் பொருளும் இல்லை. உயர்ந்த பணியிலிருந்து இறக்கப்பட்ட அவர், சேமித்த பணத்தையும் தவறான முதலீடு ஒன்றில் இழந்திருந்தார்.

கதவு மூடியிருந்தபோது வார்சாவின் இளையோர் வேறொரு வழி கண்டனர். காவலர் கண்ணில் படாமல் வீடுகளில் சிறு சிறு குழுக்களாகக் கூடி உயர்கல்வி பயின்றனர். ஓரிடத்தில் நிலைக்காமல் வீட்டுக்கு வீடு மாறியதால் அதற்குப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர் வழங்கிற்று. மரியாவும் அவர் தமக்கை புரோனியாவும் அங்குச் சென்று பயின்றனர். அங்கு அறிவு கிடைத்தது. பட்டமும் ஆய்வுக்கூடமும் கிடைக்கவில்லை.

தமக்கையும் தங்கையும்

பாரிசுக்குச் சென்று மருத்துவம் படிக்க வேண்டும் என்பது புரோனியாவின் விருப்பம். அவர் சேர்த்து வைத்திருந்த பணம் ஓராண்டுச் செலவுக்கே போதும். மருத்துவப் படிப்போ பல ஆண்டுகள் நீள்வது. மரியாவும் தனியே பணம் சேர்த்துவந்தார். இருவரும் தனித்தனியே சேர்த்தால் இருவருமே போக முடியாது என்பதை மரியா கணக்கிட்டுப் பார்த்தார். ஒருவர் வேலை செய்து மற்றவரைப் படிக்கவைக்கலாம். படித்து முடித்தவர் பிறகு மற்றவரை அழைத்துக்கொள்ளலாம். அகவையில் மூத்தவர் என்பதால் புரோனியாவே முதலில் செல்வது என முடிவாயிற்று.

புரோனியா பாரிசு சென்றார். 1886ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மரியா, வார்சாவுக்கு வடக்கே சூக்கி என்னும் சிற்றூரில் செல்வர் ஒருவர் வீட்டில் தங்கி, அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பணியை ஏற்றார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். அதில் ஒரு பகுதியைத் தவறாமல் தமக்கைக்கு அனுப்பினார். சுற்றிலும் சர்க்கரை ஆலைக்கான கிழங்கு வயல்கள். அவ்வூர் உழவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு இல்லாமை கண்டு, ஓய்வு நேரத்தில் அவர்களுக்குப் போலிய மொழியில் எழுதப் படிக்கக் கற்பித்தார். ஆட்சியாளருக்குத் தெரிந்தால் கடுந்தண்டனை கிடைக்கும் செயல் அது.

அவ்வீட்டின் மூத்த மகனும் மரியாவும் ஒருவரையொருவர் விரும்பினர். பொருளற்ற பணிப்பெண் என்று சொல்லிப் பெற்றோர் திருமணத்தை மறுத்துவிட்டனர். அந்த அவமதிப்புக்குப் பின்னும் மரியா அவ்வீட்டை விட்டுப் போகவில்லை. பணம் நின்றால் தமக்கையின் படிப்பு நின்றுவிடும் என்பதே அதற்குக் காரணம்.

எதைப் படிப்பது என்னும் வினாவுக்கு அவர் விடை கண்டதும் அங்கேதான். இலக்கியம், சமூகவியல், அறிவியல் ஆகிய மூன்றிலும் அவருக்கு நாட்டம் இருந்தது. பணி முடிந்த இரவுகளிலும் விடியற்காலையிலும் மூன்றையும் படித்துப் பார்த்தார். நாளடைவில் கணக்கும் இயற்பியலுமே தமக்குரியவை எனத் தெளிந்தார். விளங்காத கணக்குகளைத் தந்தைக்கு எழுதி அனுப்புவார். தந்தை மடல்வழியே விளக்குவார்.

பாரிசைத் தேர்ந்த காரணம்

1890ஆம் ஆண்டு புரோனியா தம் சொல்லைக் காத்தார். தம்மைப் போலவே மருத்துவம் பயின்ற போலந்து நாட்டவர் ஒருவரை மணந்து பாரிசில் குடியேறிய அவர், தங்கையை வருமாறு அழைத்தார். அழைப்பு வந்தபோது மரியா தயங்கினார். முதுமையுற்ற தந்தையைத் தனியே விட மனம் வரவில்லை. மேலும் ஓராண்டு வார்சாவில் தங்கினார்.

அந்த ஆண்டு வீணாகவில்லை. உறவினர் ஒருவர் பொறுப்பிலிருந்த தொழில், வேளாண்மை அருங்காட்சியகத்தின் சிறிய ஆய்வுக்கூடத்தில் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சோதனை செய்யும் வாய்ப்பு அமைந்தது. நூல்களில் படித்ததைக் கையால் செய்து பார்த்தார். சில சோதனைகள் பொய்த்தன. சில எதிர்பாராத வெற்றி தந்தன. அறிவியலே தம் வழி என்னும் முடிவு அங்கு உறுதிப்பட்டது.

அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள் ஐரோப்பாவில் சிலவே. சுவிட்சர்லாந்தின் சூரிச் அவற்றுள் ஒன்று; பாரிசு மற்றொன்று. பாரிசில் தங்குவதற்குத் தமக்கையின் வீடு இருந்தது. அங்குள்ள சோர்போன் அறிவியல் புலத்தில் லிப்மன், புவான்காரே போன்ற பெரும் அறிஞர்கள் கற்பித்தனர். பெண்ணுக்குத் திறந்த கதவு, தகுதி மிக்க ஆசிரியர்கள், தாங்கக்கூடிய செலவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அவருக்கு அதுவே.

1891ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மரியா தொடர்வண்டி ஏறினார். செலவைக் குறைக்க, செருமனியைக் கடக்கும்போது இருக்கை வசதியற்ற நான்காம் வகுப்பில் பயணம் செய்தார். அமர்வதற்கு ஒரு மடக்கு நாற்காலி, வழிக்கு உணவு, குளிருக்குப் போர்வை, பாரிசில் விரித்துப் படுக்க மெத்தை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசென்றார். நவம்பர் 3ஆம் நாள் சோர்போனில் பெயரைப் பதிவு செய்தார். மரியா என்பது பிரெஞ்சு வழக்கில் மேரி ஆயிற்று. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைய நான்கு நாள்கள் இருந்தன.

வகுப்பறைத் தடுமாற்றம்

ஏறத்தாழ 1,800 மாணவர் பயின்ற அறிவியல் புலத்தில் பெண்கள் 23 பேரே. எண்ணிக்கை அவரை அஞ்சவைக்கவில்லை, பாடங்களே அஞ்சவைத்தன. பிரெஞ்சு மொழி தமக்கு நன்கு தெரியும் என்று நம்பி வந்தவர் மேரி. பேராசிரியர் விரைந்து பேசும்போது சொற்கள் நழுவிப் போயின. கணக்கிலும் இயற்பியலிலும் தாமே படித்துத் தேறியது போதும் என்று நினைத்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளிகளில் முறையாகப் பயின்று வந்தவர்களோடு ஒப்பிட்டபோது தம் அடித்தளத்தில் பல இடைவெளிகள் இருப்பதை உணர்ந்தார். தங்கப் பதக்கம் பெற்ற மாணவி, வகுப்பில் தாம் பின்தங்கியிருப்பதைக் கண்டார்.

அக்குறையை அவர் மறைக்கவும் இல்லை. அதனால் மனம் தளரவும் இல்லை. முன் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார். விடுபட்ட பாடங்களைத் தேடிப் படித்தார். மொழியைத் திருத்திக்கொண்டார்.

மற்றொரு தடையும் இருந்தது. அது அன்பினால் வந்த தடை. தமக்கையின் வீடு நகரின் வடகிழக்கில் இருந்தது. குதிரை வண்டியில் கல்லூரிக்குச் சென்றுசேர ஒரு மணி நேரம் ஆயிற்று. மாலையில் பாரிசுவாழ் போலந்து மக்கள் அவ்வீட்டில் கூடினர். இசையும் பேச்சும் நிறைந்த கலகலப்பான வீடு அது. தாய்நாட்டின் மணம் வீசும் அச்சூழல் மேரிக்கு இனித்தது; படிப்புக்கு ஒத்துவரவில்லை. சில திங்களிலேயே தமக்கையின் இசைவைப் பெற்றுக் கல்லூரிக்கு அருகிலுள்ள இலத்தீன் குடியிருப்பில் தனி அறைக்குக் குடிபெயர்ந்தார்.

குளிரும் தனிமையும்

மேரி வாழ்ந்த அறை ஆறாம் மாடியில், கூரைக்கு அடியில் இருந்தது. ஓர் இரும்புக் கட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்த மெத்தை, மேசை, நாற்காலி, மண்ணெண்ணெய் விளக்கு, சிறிய அடுப்பு ஆகியவையே அவர் உடைமைகள். கல்லூரிக் கட்டணம் உட்பட ஒருநாள் செலவுக்கு ஏறத்தாழ 3 பிராங்குதான் கிடைத்தது. குளிர்காலத்தில் கரியை வாங்கித் தாமே ஆறு மாடி சுமந்து ஏறினார். கரி தீர்ந்த இரவுகளில் கழுவுநீர்க் கலத்தில் நீர் உறைந்தது. இருக்கும் உடைகள் அனைத்தையும் போர்வையின் மேல் குவித்துக்கொண்டு உறங்கினார்.

விளக்கெண்ணெய்ச் செலவையும் கரிச் செலவையும் மிச்சப்படுத்த, மாலையில் செயின்ட் செனவியேவ் நூலகத்துக்குச் செல்வார். அங்கு வெளிச்சமும் வெப்பமும் விலையின்றிக் கிடைத்தன. இரவு பத்து மணிக்கு நூலகம் மூடும்வரை படிப்பார். பின்னர் அறைக்குத் திரும்பி நள்ளிரவு கடந்தும் படிப்பைத் தொடர்வார்.

சமைக்க அவருக்குத் தெரியாது. சமையலுக்கு நேரம் ஒதுக்கவும் மனமில்லை. பல நாள்கள் ரொட்டி, வெண்ணெய், தேநீர் ஆகியவற்றோடு உணவு முடிந்தது. ஒருநாள் தோழி ஒருவரின் கண்முன்னே மயங்கி விழுந்தார். செய்தி அறிந்து விரைந்து வந்த தமக்கை கணவர் மருத்துவர் அல்லரோ! கழுவப்படாத பாத்திரம் ஒன்றும் இல்லாத அறையைக் கண்டதும் நோய் இன்னதென்று அவருக்கு விளங்கிவிட்டது. முந்தைய நாளிலிருந்து சிறிது முள்ளங்கியும் செர்ரிப் பழமும் தவிர வேறெதுவும் உண்ணவில்லை என்பதை மேரி ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு அழைத்துச் சென்று நல்லுணவு ஊட்டித் தேற்றினர். சில நாள்களில் மேரி தம் அறைக்குத் திரும்பினார்.

பசியைப் பொருட்படுத்தாமை பெருமைக்குரிய பண்பன்று. உடலைப் பேணாமை அவர் செய்த பிழையே. எனினும் அந்நாள்களை அவர் துன்பக் காலமாகக் கருதவில்லை. முதன்முறையாகத் தம் நேரமும் சிந்தனையும் முழுவதும் தமக்கே உரியவையாக இருந்த காலம் அது. பிற்காலத்தில் தம் வாழ்வைப் பற்றி எழுதியபோதும் அதனை மகிழ்ச்சியோடே நினைவுகூர்ந்தார்.

தேர்வும் கடனும்

1893ஆம் ஆண்டு சூலையில் இயற்பியல் பட்டத்தேர்வு நடந்தது. தேர்ச்சி பெற்றோர் பெயர்கள் தர வரிசையில் அறிவிக்கப்பட்டன. முதற்பெயர் மேரியுடையது. சொற்கள் விளங்காமல் தடுமாறி இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.

கணக்கிலும் பட்டம் பெற விரும்பினார். கையில் பணம் தீர்ந்திருந்தது. வார்சாவிலிருந்த தோழி ஒருவரின் முயற்சியால், அயல்நாட்டில் பயிலும் போலந்து மாணவருக்கான 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. ஆசிரியப் பணியில் அவர் ஓராண்டு பெற்ற சம்பளத்தினும் மிகுதியான தொகை அது. அதைக்கொண்டு படித்து, 1894ஆம் ஆண்டு கணக்குப் பட்டத்தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின், தம் முதல் வருவாயிலிருந்து மிச்சம் பிடித்து, அந்த 600 ரூபிளை உதவித்தொகை வழங்கிய அமைப்புக்கே திருப்பி அனுப்பினார். திருப்பித் தர வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. தம்மைப் போல வழியின்றி நிற்கும் வேறொரு மாணவருக்கு அப்பணம் உடனே பயன்பட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

மீண்டும் ஒரு கதவு

படிப்பு முடிந்ததும் நாடு திரும்பித் தந்தைக்குத் துணையாக வாழ்வதே மேரியின் திட்டம். எஃகின் காந்தப் பண்புகளைப் பற்றிய ஆய்வுக்கு இடம் தேடியபோது 1894ஆம் ஆண்டு இளவேனிலில் இயற்பியல் அறிஞர் பியரி கியூரி அறிமுகமானார். பாரிசிலேயே தங்குமாறு அவர் வேண்டியும் மேரி கோடையில் போலந்துக்குச் சென்றார். கிராக்கோ பல்கலைக்கழகத்தில் பணி செய்ய விழைந்தார். பெண் என்பதால் அங்கு இடம் மறுக்கப்பட்டது. பதினைந்து வயதில் ஒரு நகரில் மூடியிருந்த கதவு, இரண்டு பட்டங்கள் பெற்ற பின்னும் மற்றொரு நகரில் மூடியே இருந்தது. இலையுதிர் காலத்தில் மேரி பாரிசுக்குத் திரும்பினார். 1895ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் பியரியை மணந்தார்.

அதன்பின் நடந்ததை உலகம் அறியும். 1898இல் இருவரும் கண்டறிந்த புதிய தனிமத்துக்குத் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டனர். 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் மேரி நோபல் பரிசு பெற்றார். 1906இல் பியரி சாலை விபத்தில் இறந்தபின், அவர் வகித்த ஆசிரியப் பொறுப்பு மேரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் சோர்போனில் பாடம் நடத்திய முதற்பெண்ணாக அவர் வகுப்பறைக்குள் நுழைந்தார். அங்கு மாணவியாகப் பெயர் பதிந்து சரியாகப் பதினைந்து ஆண்டுகளும் இரண்டு நாள்களும் கடந்திருந்தன.

1932ஆம் ஆண்டு வார்சாவில் ரேடியம் நிறுவனம் திறக்கப்பட்டது. புற்றுநோயாளர்க்கு மருத்துவமும் ஆய்வாளர்க்குக் கூடமும் ஒருங்கே அமைந்த அந்நிறுவனம் உருவாக மேரியோடு சேர்ந்து பாடுபட்டவர் புரோனியா. அதை நடத்தும் பொறுப்பையும் அவரே ஏற்றார். ஒருவர் படிக்க மற்றவர் உழைப்பது என இளமையில் வார்சாவில் முடிவு செய்த சகோதரியர், தாம் கற்ற மருத்துவத்தையும் அறிவியலையும் அதே நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். 1934ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் மேரி கியூரி மறைந்தார். தமக்குக் கல்வியை மறுத்த நகரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனம் திறந்திருப்பதைக் கண்ட பிறகே அவர் கண்மூடினார்.